இந்த ஊர் ஏற்கெனவே இருக்கு

குருவுக்கு வயசு இருபத்தாறு. பல்லுல கம்பி. சீடருக்கு நாப்பத்தி மூணு. முட்டியில வலி. ஆசிரமம் இருந்தது டயர் கடைக்கு மேல மாடியில. மத்ததெல்லாம் சாஸ்திரப்படிதான்.

குரு பேரு ஹாஜிரா. சீடர் பேரு பூவலிங்கம்.

பூவலிங்கம் பதினேழு வருசம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை போட்டிருந்தவரு. ஹாஜிரா காலேஜ் நோட்ஸெல்லாம் அங்கதான் எடுக்கும். "ரெண்டு பக்கமா பாப்பா, ஒரு பக்கமா?"ன்னு கேப்பாரு. அப்புறம் எல்லார் போன்லயும் கேமரா வந்துச்சு, கடைக்கு ஈ வந்துச்சு. பாப்பா கம்ப்யூட்டர் ஆபீஸ் தொறந்துச்சு. பூவலிங்கம் படியேறிப் போயி, "மேடம், எனக்கும் கோடு எழுதக் கத்துக்குடுங்க"ன்னு மூச்சு வாங்க நின்னாரு.

ஜெராக்ஸ் கடை அவருக்குக் குடுத்த ஒரே சொத்து சந்தேகம். யாரு எதக் காட்டுனாலும், "இது சரி, ஒரிஜினல் எங்க?"ம்பாரு. கல்யாணப் பத்திரிகையக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு.

மொத நாளு பாடம் ரூட்டு.

"வெளியிலருந்து ஒரு ரிக்வெஸ்ட் வரும்ணே. மெத்தட்டுன்னா ஒரு வேலையச் செய்யுற கோடு. ரிக்வெஸ்ட்டோட அட்ரஸப் பாத்து, 'நீ இந்த மெத்தட்டுக்குப் போ, நீ அந்த மெத்தட்டுக்குப் போ'ன்னு அனுப்பிவிடணும். அதுக்கு ஒரு லிஸ்ட் எழுதி வைக்கணும். அதான் ரூட்டு."

பூவலிங்கத்துக்குக் காது செவந்துபோச்சு. அவரு வாலிபத்துல ரூட்டு விடுறதுன்னா சமாச்சாரமே வேற.

ஆனா கத்துக்கிட்டாரு. எட்டு மாசத்துல தனியா ஒரு வேலையும் முடிச்சாரு. யூனியன் ஆபீசுக்குக் குடிதண்ணி புகார் சைட்டு. ஊருக்கு ஒரு டேங்க்கு, டேங்க்குக்கு ஒரு ஸ்டிக்கர். போன வச்சு ஸ்கேன் பண்ணா அந்த ஊரோட பக்கம் தொறக்கும். 'தண்ணி வரல'ன்னு ஒரு பட்டன். அமுக்குனா யூனியன் ஆபீசுல புகார் ஏறும். அதப் பாத்து லாரி போகும். மொத்தம் நாப்பத்திரெண்டு ஊரு.

ஒரு நாள் காலையில பத்தரைக்கு யூனியன் ஆபீசர் போன் பண்ணாரு.

"பூவலிங்கம், நம்ம யூனியன்ல எத்தன ஊரு?"

"நாப்பத்திரெண்டு சார்."

"உன் லிஸ்ட்டுல அறுபத்தொண்ணு இருக்கு. புதுசா பத்தொம்போது ஊரு பொறந்திருக்கு. படிக்கட்டுமா?"

"படிங்க சார்."

"தண்ணி வரல."

"எந்த ஊர்ல சார்?"

"அதான்யா ஊரு பேரு."

பூவலிங்கம் நாற்காலியப் புடிச்சுக்கிட்டாரு.

"அதுக்கு அடுத்த ஊரு 'ஒம்போது நாளா வரல'. அப்புறம் 'ஹலோ'. அப்புறம் 'மாரியாயி'. அப்புறம் 'யாராச்சும் இருக்கீங்களா'. அதுக்கு அப்புறம் ஒண்ணு, 'இருக்குன்னு எங்களுக்கும் தெரியும் தண்ணிதான் இல்ல'. இது மொத்தமும் ஒரே ஊரு. அஞ்சு பேரு சேர்ந்து தூக்குனாத்தான் தூக்க முடியும் அந்த ஊர."

"சார்..."

"நாலு மணிக்குக் கலெக்டர் மீட்டிங். இந்த லிஸ்ட்ட சுவத்துல பெருசா காட்டப் போறேன்னு வாய விட்டுட்டேன். ஹலோ ஊராட்சிக்குத் தலைவர் யாருன்னு அவங்க கேட்டா நான் யாரக் காட்டுறது, உன்னையா? யாரு செஞ்ச வேலைன்னு மூணரைக்குள்ள எழுத்துல குடு. அந்த ஆளு யாரா இருந்தாலும் இன்னையோட வீட்டுக்கு."

போன் வச்ச நிமிசமே பூவலிங்கத்துக்கு ஆளு தெரிஞ்சிருச்சு.

புது ஊரு சேர்க்குறதுக்குன்னு அந்த சைட்டுல ஒரு தனிப் பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தோட அட்ரஸ் ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு, எழுதுன பூவலிங்கம். இன்னொண்ணு, நாகஜோதி.

நாகஜோதி யூனியன் ஆபீசுல டெம்பரவரி ஆபரேட்டர். நாப்பத்திரெண்டு ஊரையும் உக்காந்து டைப் அடிச்சு ஏத்துனது அதுதான். வாயி கொஞ்சம் நீளம். சைட்ட மொத மொதல்ல பாத்தப்ப, "என்ன சார், கறுப்பும் வெள்ளையுமா ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கு"ன்னு ஆபீசே சிரிக்குற மாதிரி கேட்டுச்சு. அன்னையிலருந்து பூவலிங்கம் அது இருக்குற பக்கம் தும்முறதுகூட இல்ல.

அந்தப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு பூட்டு போடலையான்னு கேப்பீங்க. போடல. வீடு எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாது, அப்புறம் எதுக்குப் பூட்டுங்குறது அவரு கணக்கு.

பதினோரு மணிக்கெல்லாம் லெட்டர் ரெடி. 'இச்செயலைச் செய்தவர் தங்கள் அலுவலகத் தற்காலிகப் பணியாளர் நாகஜோதி என்பதைத் தெரிவித்துக் கொள்கிறேன்.' ரெண்டு காப்பி எடுத்தாரு. பழக்கம்.

ஹாஜிரா வறுத்த கடலைய ஊதி ஊதி, கம்பிக்கு வலிக்காம ஒவ்வொண்ணா தின்னுக்கிட்டு இருந்துச்சு. பூவலிங்கம் லெட்டர நீட்டுனாரு.

"மேடம், கீழ ஒரு கையெழுத்து."

ஹாஜிரா படிச்சுச்சு. "நாகஜோதி அக்காவா? பாத்தீங்களா?"

"பாக்கணுமா? ரெண்டு பேருக்குத் தெரிஞ்ச அட்ரஸ். நான் பண்ணல. ரெண்டுல ஒண்ணு போனா மிச்சம் எத்தன?"

"அண்ணே, லாக் பாத்தீங்களா? எந்தப் போன்லருந்து வந்துச்சுன்னு பதிவாயிருக்குமே."

"பாக்காம இருப்பேனா? பதினாலு வேற வேற போன்லருந்து வந்திருக்கு."

"பதினாலா?"

"அதான் மேடம் கில்லாடித்தனம். ஒரு ஆளு பதினாலு போன். அக்கா, தங்கச்சி, மச்சான், கொழுந்தன்னு குடும்பமே எறங்கி செஞ்சிருக்கு."

"அது எதுக்குண்ணே 'மாரியாயி'ன்னு ஊரு பேரு வைக்கப் போகுது?"

"அவங்க கொலசாமியா இருக்கும்."

ஹாஜிரா ஒரு கடலைய வாயில போட்டு ரொம்ப நேரம் மென்னுச்சு.

"யாரு வந்தாங்கன்னு சொல்றீங்க. எந்த வழியா வந்தாங்க?"

"வழி என்ன மேடம் வழி, வந்தாச்சு, அசிங்கப்படுத்தியாச்சு."

"அந்த அக்காவ இங்க வரச் சொல்லுங்க. ஊரு லிஸ்ட்ட கையோட கொண்டாரச் சொல்லுங்க."

பூவலிங்கத்துக்கு இப்ப குரு மேலயே ஒரு கண்ணு விழுந்துச்சு. திருடனப் புடிச்சுக் குடுத்தா, திருடனுக்கு டீ சொல்ற மாதிரி இருக்கே. ரெண்டு பேரும் ஒரே காலேஜா இருக்குமோ?

ஆபீசுக்குப் போன் போட்டப்ப, எடுத்த பியூன்கிட்ட லெட்டரு விசயத்தையும் சேர்த்தே சொல்லிட்டாரு. நாகஜோதி ஒண்ணரை மணிக்குப் படியேறி வந்துச்சு. சாப்பிடாம வந்த மூஞ்சி. கையில மடிச்ச லிஸ்ட். வந்ததும் நேரா பூவலிங்கத்தப் பாத்துச்சு.

"என் பேர எழுதிட்டீங்களாமே சார். ஆபீசு ஃபுல்லா பேச்சு. பியூன் வந்து எனக்குத் துக்கம் விசாரிச்சிட்டுப் போறாரு."

"செய்யுறப்ப யோசிச்சிருக்கணும்மா."

"நான் ஊரு சேர்க்கணும்னா நல்ல பேரா வச்சு சேர்க்க மாட்டேனா? என் பேர வச்சிருப்பேன், நாகஜோதிபுரம்னு. 'ஹலோ'ன்னா வைப்பேன்?"

"திருடன் வீட்டுக்குள்ள விசிட்டிங் கார்டு வச்சிட்டா போவான்?"

"நாலு வருசமா டெம்பரவரி சார் நான். அடுத்த மாசம் பர்மனெண்ட் லிஸ்ட் வருது. அதுல என் பேரு இருக்கு." நாகஜோதி புறங்கையால கண்ணத் தொடச்சுச்சு. "உங்க லெட்டரு போச்சுன்னா இருக்காது."

பூவலிங்கம் ஜன்னலப் பாத்தாரு. அழுகையிலயும் ஒரிஜினல், டூப்ளிகேட்டு உண்டு. ஆனா இது எதுன்னு அவருக்குச் சட்டுன்னு சொல்லத் தெரியல.

அதுக்குள்ள ஹாஜிரா எந்திரிச்சு ரூம்ல இருந்த மூணு இருக்கையையும் இழுத்து வரிசையாப் போட்டுச்சு. வீல் ஒடஞ்ச நாற்காலி ஒண்ணு. மர ஸ்டூலு ஒண்ணு. செவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு.

"அண்ணே, இது மூணும் உங்க மூணு மெத்தட்டு. வீல் நாற்காலி 'லிஸ்ட்'. ஸ்டூலு 'சேர்'."

"ஸ்டூலு எப்படி மேடம் சேர் ஆகும்?"

"ஊர சேர்க்குற சேருண்ணே."

"ஓ."

"செவப்பு நாற்காலி 'காட்டு'. அந்தந்த ஊரோட புகார் பக்கத்தக் காட்டுறது. சரியா? ரூட்டு லிஸ்ட்டப் பாத்து ரிக்வெஸ்ட்ட அனுப்பிவிடுறது பிரேம்வொர்க்கு. இப்ப நீங்கதான் அது."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க எழுதி வச்சபடி செய்யணும். ஒரு வார்த்தைகூட சொந்தமா யோசிக்கக் கூடாது."

"அது அவருக்கு நல்லா வரும்"னுச்சு நாகஜோதி.

ஹாஜிரா ஒரு தாளு எடுத்துக் குடுத்துச்சு. பூவலிங்கம் எழுதுன ரூட்டு லிஸ்ட்தான். இங்கிலீஷ் எழுத்துல மூணே வரி. வெறுமன 'ஊர்'னு வந்தா லிஸ்ட்டுக்கு அனுப்பு. 'ஊர்' போட்டு கோடு போட்டு 'புது ஊர்'னு வந்தா, சேர்க்குற மெத்தட்டுக்கு அனுப்பு. 'ஊர்' போட்டு கோடு போட்டு வேற எந்தப் பேரு வந்தாலும், காட்டுற மெத்தட்டுக்கு அனுப்பு.

"மேலருந்து பாத்துக்கிட்டே வாங்க. மொதல்ல எந்த வரி பொருந்துதோ அங்கயே நின்னுருங்க. அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு ஏறிட்டும் பாக்கக் கூடாது."

"தெரியும் மேடம். அதனாலதான் புது ஊர மேல வச்சேன். கீழ வச்சா, 'எந்தப் பேரு வந்தாலும்'ங்குற வரி அதையும் முழுங்கிரும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

"ஆமா. சரியா வச்சிருக்கீங்க. அக்கா, நீங்க ஊரு பேர ஒவ்வொண்ணா படிங்க. ஊர்க்காரங்க ஸ்கேன் பண்றாங்கன்னு வச்சுக்குவோம். அண்ணே, ஊரு வர வர, எந்த நாற்காலின்னு பாத்துப் போயி உக்காருங்க."

"உக்காந்து எந்திரிக்கணுமா? முட்டி மேடம்."

"பிரேம்வொர்க்குக்கு முட்டி கெடையாதுண்ணே."

நாகஜோதி லிஸ்ட்ட விரிச்சுச்சு. குரல்ல இப்ப ஒரு சின்ன சந்தோசம்.

"அரசங்குளம்."

பூவலிங்கம் தாளப் பாத்தாரு. மொத வரி இல்ல. ரெண்டாவது இல்ல. மூணாவது. செவப்பு நாற்காலியில போயி உக்காந்தாரு.

"இலுப்பக்குடி."

எந்திரிச்சாரு. மொத வரி இல்ல. ரெண்டாவது இல்ல. மூணாவது. உக்காந்தாரு.

"ஓடைப்பட்டி."

"கொஞ்சம் மெதுவாத்தான் படியேம்மா."

"எங்க ஊரு நெட்டு ஸ்பீடு அப்படி சார். கள்ளிக்குளம்."

இருவத்தஞ்சு ஊருக்கு மேல அவருக்கு யோசிக்கத் தெம்பு இல்ல. விரலு தானா தாள்ல எறங்குச்சு, காலு தானா நடந்துச்சு. பேரு காதுல விழும், விரலு எழுத்தத் தேடும், ஒடம்பு போயி உக்காரும். நெசமான பிரேம்வொர்க்கு ஆயிட்டாரு.

"பிச்சங்குறிச்சி."

செவப்பு.

"பிராமணவயல்."

செவப்பு.

"புதூர்."

விரலு மொத வரிக்குப் போச்சு. இல்ல. ரெண்டாவது வரிக்குப் போச்சு. பி, யு, டி, எச், யு, ஆர். விரலு அங்கயே நின்னுச்சு. காலு நடந்துச்சு. பூவலிங்கம் ஸ்டூலுல உக்காந்தாரு.

"சார், தப்பு"ன்னுச்சு நாகஜோதி. "அது சேர்க்குறது. புதூரு செவப்பு நாற்காலிக்குல்ல போகணும்?"

"பொருந்துதேம்மா."

"என்ன பொருந்துது?"

பூவலிங்கம் தாள மூக்குக்குப் பக்கத்துல கொண்டுபோனாரு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. புது ஊருங்குறத சுருக்கி அவரு எழுதுன எழுத்தும், ஸ்டிக்கர்ல அச்சடிச்ச புதூருங்குற எழுத்தும் ஒண்ணேதான். நாலு மாசமா அந்த வரிய அவரு மனசுல புது ஊரு, புது ஊருன்னே படிச்சிட்டு இருந்திருக்காரு. தாலுகாவுக்கு நாலு புதூரு இருக்குற நாட்டுல.

ஹாஜிரா இன்னொரு தாளு கிழிச்சு ஒரு கட்டம் போட்டுச்சு. கட்டத்துக்கு மேல 'பேரு'ன்னு எழுதி, அவரு மடியில வச்சுச்சு.

"நீங்க எழுதுன ஃபார்ம் இப்படித்தானே இருக்கும்? 'பேரு'ன்னு மட்டும்."

"ஆமா மேடம். நாகஜோதிக்கு மட்டும்தானேன்னு... ஊரு பேருன்னு முழுசா போடல."

"அக்கா, நீங்க புதூரு டேங்க்குக்குக் கீழ நிக்குறீங்க. தண்ணி இல்ல. ஸ்கேன் பண்ணீங்க. இது வந்துச்சு. எழுதுங்க."

நாகஜோதி பேனா வாங்குச்சு. "பேருன்னா? என் பேரா, ஊரு பேரா?"

"அங்க யாரும் இல்லக்கா கேக்குறதுக்கு."

நாகஜோதி யோசிச்சு 'புதூர்'னு எழுதி நீட்டுச்சு.

"அண்ணே, இப்ப நீங்க அந்த மெத்தட்டு. என்ன எழுதி வச்சிருக்கீங்களோ அதச் சொல்லுங்க."

பூவலிங்கம் ஒரே பேரு ரெண்டு தடவ ஏறிறக் கூடாதுன்னு ஒரு சோதனை போட்டு, அதுக்கு ஒரு பதிலும் எழுதியிருந்தாரு. எழுதுன அன்னைக்கு ரொம்பப் பெருமையா இருந்த பதிலு.

"இந்த ஊர் ஏற்கெனவே இருக்கு."

"இருக்குன்னு எங்களுக்கும் தெரியும், தண்ணிதான்..."

நாகஜோதிக்கு அந்த வார்த்தை வாயிலயே நின்னுபோச்சு.

கீழ டயர் கடையில காத்து அடிக்குற மிஷின் ஓடி நின்னுச்சு.

நாகஜோதி மெதுவா லிஸ்ட்டோட கடைசிப் பக்கத்தத் திருப்புச்சு. பத்தொம்போது ஊரும் வரிசையா இருந்துச்சு. இப்ப அதுங்க ஊரு மாதிரி தெரியல. தண்ணி வரல. ஒம்போது நாளா வரல. ஹலோ. யாராச்சும் இருக்கீங்களா.

"மாரியாயிங்குறது..."ன்னு ஆரம்பிச்சாரு பூவலிங்கம்.

"பேருன்னு கேட்டிருக்கீங்க சார். யாரோ ஒரு அம்மா அவங்க பேரச் சொல்லியிருக்கு."

பூவலிங்கம் ஸ்டூலவிட்டு எந்திரிக்கல. பதினாலு போனு. அக்கா, தங்கச்சி, மச்சான், கொழுந்தன். குடும்பமே எறங்கித்தான் செஞ்சிருக்கு. அந்த மட்டும் அவரு சொன்னது சரி.

"சார், இன்னொண்ணு இருக்கு." நாகஜோதி குரல் மாறிப்போச்சு. "ரெண்டு வாரத்துக்கு முன்னால ஆபீசர் புகார் லிஸ்ட்டப் பாத்தாரு. புதூருக்கு நேரா முட்டை. 'புகாரே இல்லாத ஊருக்கு எதுக்கு லாரி? அந்த லாரிய கள்ளிக்குளத்துக்குத் திருப்பு'ன்னாரு. ஆர்டரு அடிச்சது நான்தான். அடிச்சிட்டு, 'பரவால்லயே, சமத்தான ஊரு'ன்னு வேற சொன்னேன்."

"அப்ப பதினாலு நாளா அங்க தண்ணி?"

"அவங்க போருல உப்புத் தண்ணி சார். லாரிதான் எல்லாத்துக்கும்."

"லாரிக்கு ஒரு போனப் போடும்மா!"

"போட்டா வருமா? ஆர்டர மாத்தணும்னா ஆபீசர் கையெழுத்து வேணும். அவரு இப்ப மீட்டிங் டென்சன்ல போனே எடுக்க மாட்டாரு. உள்ள போறதுக்கு முன்னால அவரு கையில வாங்கிப் பாக்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான். உங்க லெட்டரு."

மணி ரெண்டே முக்கா.

பூவலிங்கம் கம்ப்யூட்டருக்குப் போனாரு. அந்த ரெண்டாவது வரியில அட்ரஸ மாத்துனாரு, எந்த ஊருக்காரனும் தன் பிள்ளைக்குக்கூட வைக்க முடியாத பேரா பாத்து வச்சாரு. பூட்டும் போட்டாரு. பூட்டு போட்டது சரியான்னு நாலு தடவ இழுத்துப் பாத்தாரு. அப்புறம் காலையில எழுதுன லெட்டர எடுத்து நாலாக் கிழிச்சாரு. காப்பி ரெண்டையும் தேடிப் புடிச்சு அதையும் கிழிச்சாரு.

புது தாளு எடுத்து உக்காந்தாரு. இது தன்னோட மொத வேலை. இதுவே கடைசியாவும் ஆகலாம். 'யாரா இருந்தாலும் வீட்டுக்கு'ன்னு ஆபீசர் சொன்னது காதுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஆனா எழுத ஆரம்பிச்சதும் மனசுல என்னமோ ஒரு வெளிச்சம். ஜெராக்ஸ் மிஷினுக்குக் கீழ ஓடுமே, அந்த மாதிரி. தாள முழுசா நெரப்புனாரு. பின்பக்கமும் கொஞ்சம் போச்சு, புதூரும் லாரியும் அங்கதான் வந்துச்சு.

எழுதி முடிச்சு நாகஜோதிகிட்ட நீட்டுனாரு. அது சத்தமாப் படிச்சுச்சு.

"'மதிப்பிற்குரிய ஐயா. இந்தத் தவற்றைச் செய்தவன் வேறு யாருமல்ல, நானே. பூவலிங்கமாகிய நான் என் அறியாமையால் இழைத்த இந்த மாபெரும் பிழைக்கு முழுப் பொறுப்பும் ஏற்கிறேன். தங்கள் பணியாளர் நாகஜோதி குற்றமற்றவர். அவர்மீது ஐயம் கொண்டதற்காக வெட்கித் தலைகுனிகிறேன். பதினேழு ஆண்டுகள் நகல் எடுத்து வாழ்ந்த நான்...'"

நாகஜோதியால அதுக்கு மேல படிக்க முடியல. துப்பட்டாவ எடுத்து மூக்கத் தொடச்சுச்சு.

"சார், ஜெராக்ஸ்னு சொன்னது தப்புதான் சார்."

"இல்லம்மா. பாத்தா அப்படித்தான் இருக்கு."

பூவலிங்கத்துக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு. இப்படி ஒரு லெட்டர அவரு வாழ்க்கையில பிரதிகூட எடுத்ததில்ல. அத ஹாஜிராகிட்ட கொண்டுபோனாரு.

"மேடம், இது ஒரிஜினல். இப்ப கையெழுத்து போடுவீங்களா?"

ஹாஜிரா மொத வரியப் படிச்சுச்சு. விரல அதுமேலயே வச்சுக்கிட்டுச்சு. பின்பக்கம் திருப்பவே இல்ல.

பூவலிங்கத்துக்கு மறுபடியும் சந்தேகம் எட்டிப் பாத்துச்சு. "என்ன மேடம்? பொய் ஒண்ணும் இல்லையே அதுல?"

"ஒண்ணும் இல்லண்ணே. அத்தனையும் நெசம்."

"அப்புறம் என்ன?"

"ஆபீசர் இத எங்கருந்து படிப்பாரு?"

"எங்கருந்து படிப்பாரு, மேலருந்துதான்."

"யாரு செஞ்சதுன்னுதானே தேடிக்கிட்டு இருக்காரு. பேரு கெடச்சதும்?"

"நின்னுருவாரு. அங்கயே கத்த ஆரம்பிச்சிருவாரு."

ஹாஜிரா லெட்டர அவரு கையிலயே திருப்பிக் குடுத்துச்சு.

"புதூரு எத்தனாவது வரிண்ணே?"